ட்ரெவரின் குதிகால்

போன அத்தியாயத்தில், சமையலறையில் முட்டைக்கோஸ் நறுக்குகிற சாக்கில் தங்கையின் பெயரையும் சேர்த்து நறுக்கிக்கொண்டிருந்த இலோனாவை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அந்தக் கத்தியை அவள் இன்னும் கீழே வைக்கவில்லை. நாலைந்து நாளில் ஆறுகிற ஆத்திரமா அது?

திங்கட்கிழமை காலை டொலீடோ ஹெரன்ஸ் என்கிற அமெரிக்கக் கால்பந்து அணியின் தலைமைக் கோச்சை வீட்டுக்கு அனுப்பினார்கள். வரிசையாகத் தோற்றால் அனுப்பத்தான் செய்வார்கள். சீசன் பாதியில் நிற்கிறதே என்று எந்த முதலாளியும் பார்ப்பதில்லை. மிச்ச ஆட்டங்களுக்கு அந்த நாற்காலி யாருக்கு என்ற பேச்சு வந்தபோது ஊரில் எல்லோரும் ஒரே பெயரைத்தான் சொன்னார்கள். வெண்டல். எதிராளிகளை மறித்து நிற்கிற முன்வரிசைக்குக் கோச்சாக இருந்து அந்த மைதானத்திலேயே தலை நரைத்தவர். இலோனாவின் கணவர்.

நாற்காலி போனது நோலனுக்கு.

நோலன் வேறு யாரோ இல்லை, இலோனாவின் தங்கை மரிகாவின் கணவன். ஒருகாலத்தில் வெண்டல் கையைப் பிடித்து அழைத்துவந்து தொழில் சொல்லிக்கொடுத்த பையன். இலோனாவின் சாப்பாட்டு மேஜையில் பசியோடு உட்கார்ந்து இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை என்று வாங்கிச் சாப்பிட்டவன். அந்த மேஜையில்தான் மரிகாவையே முதலில் பார்த்தான். முன்பின் தெரியாத ஒருவனுக்குப் போயிருந்தால் இலோனா இரண்டு நாளில் சமாதானம் ஆகியிருப்பாள். தங்கை வீட்டுக்குப் போனதுதான் வயிற்றில் நெருப்பாக உட்கார்ந்துகொண்டது.

நாற்காலியில் உட்கார்ந்த மறுநாளே நோலன் நாலு ஆட்டக்காரர்களைக் கழற்றிவிட்டான். அதில் ஒருவன் சியோனே. குனிந்து நின்று, பந்தைக் காலிடுக்கு வழியாகப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்கிவைக்கிற சென்டர். வெண்டலுக்கு மகன் மாதிரி. புதன்கிழமை அவனை மில்வாக்கி அணி சேர்த்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை ஹெரன்ஸ் மோதப்போவதும் அதே மில்வாக்கியோடுதான்.

போதாக்குறைக்கு, பந்தை வாங்கி எறிகிற குவார்ட்டர்பேக்குக்கும் போன வாரம் தோள்பட்டை போய்விட்டது. அவனுக்குப் பதில் ட்ரெவர் என்கிற இளைஞன், முதன்முதலாக ஆட்டத்தின் தொடக்கத்திலிருந்தே இறங்கப்போகிறான்.

இத்தனைக்கும் வெண்டல் வாரம் முழுக்க ஒரே பாட்டைத்தான் பாடினார். "பரவாயில்ல இலோனா. அவனும் நம்ம பையன்தானே."

இலோனாவைக் குடைந்ததே அதுதான். வீட்டில் தான் ஒருத்தி மட்டும் பொறாமைக்காரி, கணவர் தேவதூதர் என்றால் ஒரு பெண் எப்படி நிம்மதியாகப் பொறாமைப்படுவது?

இன்று சனிக்கிழமை. காலையிலேயே ஒரு பெரிய தட்டு நிறையப் பாலாடைக்கட்டி போட்டுச் சுட்ட மக்ரோனியை எடுத்துக்கொண்டு இலோனா சியோனேயின் வீட்டுக்குக் கிளம்பினாள். கழற்றிவிடப்பட்டவன் வீட்டுக்குக் கோச்சுகளின் மனைவிகள் பொதுவாகப் போவதில்லை. போய் என்ன பேசுவது? ஆனால் முன்வரிசை ஆட்கள் விஷயத்தில் இலோனா தனக்கென்று ஒரு சட்டம் வைத்திருந்தாள். அவள் சமைத்ததைச் சாப்பிட்டவன் அவள் வீட்டு மனிதன்.

கதவைத் திறந்தவள் சியோனேயின் மனைவி மாலியா. சமோவாத் தீவுக்காரி, சிரித்தால் தெருவே கேட்கும். இன்று சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது.

"உள்ள வாங்கக்கா. உக்காரச் சொல்ல நாற்காலி இல்ல. எல்லாத்தையும் கட்டியாச்சு."

அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே இடம் பார்த்து இலோனா தட்டை வைத்தாள். "அதுக்குள்ள கிளம்பணுமா? பிள்ளைங்க கிறிஸ்மஸ் வரைக்கும் இங்கயே படிக்கட்டுமே."

"நானும் அப்படித்தான் நினைச்சேன். அவர் தனியா இருக்க மாட்டேங்கறார். நூத்தம்பது கிலோ ஆளு, ஃபோன்ல அழறார்."

"அங்க நல்லா பாத்துக்கறாங்களா?"

"பாத்துக்காம என்ன? போய் இறங்கினதுலேர்ந்து அவங்க கோச்சுங்க பக்கத்துலயே உக்கார வச்சுக் கேள்வி மேல கேள்வி. நீங்க மைதானத்துல கத்தற சங்கேத வார்த்தையெல்லாம் இந்நேரம் மாத்தியிருப்பீங்க, அது அவங்களுக்கும் தெரியும். அதை யாரு கேட்டா? அவங்களுக்கு வேண்டியது ட்ரெவரோட காலு."

"காலா?"

மாலியா கையிலிருந்த டேப்பைப் பெட்டிமேல் வைத்தாள். "வெண்டல் உங்ககிட்ட சொல்லலையா?"

இலோனா தெரிந்தமாதிரியும் இல்லாமல் தெரியாதமாதிரியும் இல்லாமல் தலையை ஆட்டினாள். கோச் மனைவிகளுக்கு இது கைவந்த கலை.

"சென்டர் குனிஞ்சு நிக்கறப்ப காலிடுக்கு வழியா பின்னால பாப்பாங்கல்ல? அங்க அவங்களுக்குத் தெரியறது குவார்ட்டர்பேக்கோட பாதம்தான். அதுவும் தலைகீழா. ட்ரெவர் பந்தை எறியப்போறான்னா வலது குதிகால் லேசா எழும்புதாம். ஓடறவன் கையில குடுக்கப்போறான்னா ரெண்டும் தரையில பதிஞ்சே இருக்குமாம். அவனுக்கே தெரியாது பாவம். இவர் பயிற்சியில பாத்துட்டு மூணு வாரம் முன்னாடியே வெண்டல்கிட்ட சொல்லிட்டார். இப்போ அங்கயும் சொல்ல வேண்டியதாப்போச்சு."

இலோனாவுக்கு இதற்குமேல் யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எறியப்போகிறான் என்பது முன்னாலேயே தெரிந்துவிட்டால் எதிரணித் தடியன்கள் வேறு எதைப் பற்றியும் கவலைப்படமாட்டார்கள். பந்து கையைவிட்டுப் போவதற்குள் நேரே அவன்மேல் விழுவார்கள். ஒரு தடவை இல்லை, ஆட்டம் முடிகிறவரை.

"எப்படியும் வெண்டல் அதைச் சரிபண்ணியிருப்பார். இல்லன்னா நான் வாயைத் திறப்பேனா?" என்றாள் மாலியா. "நல்ல பையன்க்கா அவன். என் சின்னவளுக்குப் பல்லு விழுந்ததுக்கு வாழ்த்து அட்டை அனுப்பினான்."

"ம். சரிபண்ணியிருப்பார்," என்றாள் இலோனா.

காரில் ஏறி உட்கார்ந்தவள் சாவியைத் திருப்பவில்லை. வெண்டல் சரிசெய்திருந்தால் அது வீட்டுக்கு வராமலா இருக்கும்? ஒருவன் முழங்கையைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தான் என்றால்கூடச் சாப்பாட்டு மேஜையில் எழுந்து நின்று நடித்துக்காட்டுகிற மனிதர். இந்தக் குதிகாலை மட்டும் வாயில் போட்டு மென்று விழுங்கியிருக்கிறார்.

அவளுக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, அவளுக்கு வந்தது சந்தோஷம்.

சனிக்கிழமை காலையில் மைதானத்தில் பெரிய பயிற்சி கிடையாது. ஆட்டக்காரர்கள் கவசம் எதுவுமில்லாமல், மறுநாள் ஆட்டத்தை நடந்தபடியே ஒருமுறை ஒத்திகை பார்ப்பார்கள். குடும்பங்கள் வந்து ஓரத்தில் நிற்கும். குழந்தைகள் புல்லில் உருளும். அன்றைக்கு எல்லோருக்கும் டோனட் கொண்டுவருவது தலைமைக் கோச் மனைவியின் உரிமை. தனக்கு அந்த நாள் வந்தால் எந்தக் கடையில் வாங்குவது என்று இலோனா பல வருஷமாகத் தீர்மானித்து வைத்திருந்தாள்.

மரிகா அதே கடையில்தான் வாங்கியிருந்தாள். பெட்டியின் நிறத்தைத் தூரத்தில் பார்த்தபோதே இலோனாவுக்கு எரிந்தது.

"அக்கா, வா வா." மரிகா ஏரிக்காற்றில் மூக்கு சிவந்து, புதுக் கோட்டு போட்டுக்கொண்டு நின்றாள். "பிளம் ஜாம் வச்சதை உனக்குன்னு தனியா எடுத்து வச்சிருக்கேன்."

"எனக்கு சர்க்கரை ஆகாது."

"எப்போலேர்ந்து?"

"திங்கட்கிழமையிலேர்ந்து."

பக்கத்திலிருந்த இரண்டு கோச் மனைவிகள் அவசரமாகக் காப்பிக் கோப்பைக்குள் பார்த்தார்கள். மரிகா காதில் விழாததுபோல் ஜாம் டோனட்டைக் காகிதத்தில் சுற்றி அக்காவின் பையில் வைத்தாள்.

"மதியம் சாப்பாட்டுக்கு வந்துடுங்க. ட்ரெவரோட அம்மா மொன்டானாலேர்ந்து வந்திருக்காங்க, அவங்களும் வராங்க. வெண்டல் கண்டிப்பா வரணும்."

"இது கோச்சோட உத்தரவா?"

"நான் கூப்பிடறேன் அக்கா. கோச்செல்லாம் ஒண்ணுமில்ல. தற்காலிகம்தானே."

தற்காலிகம் என்ற சொல்லை மரிகா திங்கட்கிழமையிலிருந்து ஒரு ஆயிரம் தடவை சொல்லியிருப்பாள். ஒவ்வொரு தடவையும் அதில் ஒரு சின்னச் சிரிப்பு ஒட்டிக்கொண்டு வருவதாக இலோனாவுக்குத் தோன்றும். இன்றைக்கும் தோன்றியது.

அவள் நகர்ந்து வேலியோரமாகப் போய் நின்றாள். மைதானத்தின் நடுவே நோலன் கையைக் காலை ஆட்டி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தான். ட்ரெவர், நீளக் கழுத்தும் தொப்பிக்கடியில் பிதுங்கிய காதுமாக, ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான். அவன் குதிகாலையே இலோனா உற்றுப் பார்த்தாள். அங்கிருந்து ஒன்றும் தெரியவில்லை. சியோனே மாதிரி குனிந்து தலைகீழாகப் பார்த்தால்தான் தெரியும் போலிருக்கிறது.

ஒத்திகைக்கு நடுவில் வெண்டல் தண்ணீர் குடிக்க ஓரத்துக்கு வந்தார். அவள் கையைக் காட்டினாள்.

"மாலியாவைப் பாத்துட்டு வரேன்."

"எப்படி இருக்கா?"

"குதிகாலைப் பத்திச் சொன்னா."

வெண்டல் பாட்டிலை மூடினார். திறந்தார். மறுபடியும் மூடினார்.

"நோலன்கிட்ட சொன்னியா நீ?" என்றாள்.

"இல்ல."

"ஏன்?"

"மூணு வாரம் முன்னாடி அந்தப் பையன் ஆடப்போறதேயில்ல. அவசரமில்லன்னு விட்டேன். போன ஞாயித்துக்கிழமை இவன்தான் இனிமேன்னு ஆனதும், திங்கட்கிழமை காலையில முதல் வேலையா அதைச் சொல்லத்தான் மேல போனேன். அதுக்குள்ள நாற்காலி மாறிடுச்சு. சரி, நம்ம நோலன்தானேன்னு கதவைத் தட்டினேன்." அவர் மைதானத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே சொல்றான். 'வெண்டல், இனிமே எதுவா இருந்தாலும், நடுவுல அஃபென்ஸ் கோச்சுன்னு ஒருத்தர் இருக்கார்ல, அவர் மூலமா வரட்டும். எல்லாரும் நேரா என்கிட்ட வந்தா வேலை நடக்காது.' எல்லாரும்னான் இலோனா. நான் எல்லாரும் ஆயிட்டேன்."

"நீ என்ன சொன்னே?"

"சரின்னேன். கீழே இறங்கி வந்துட்டேன்."

"பரவாயில்ல, நம்ம பையன்தானேன்னு எங்கிட்ட வாரம் பூரா பஜனை பண்ணினியே."

"அதெல்லாம் சும்மா. உள்ள எரியுது. அவன் விசில் ஊதற சத்தம் கேட்டாலே எரியுது." வெண்டலின் பெரிய முகம் கன்றிப்போயிருந்தது. "கேட்டா சொல்லிடுவேன். இப்போ கேட்டாலும் சொல்லிடுவேன். கேக்கல. நாளைக்குத் தோக்கட்டும். தோத்தா அந்தத் தற்காலிகம் தற்காலிகமாவே போயிடும்."

இத்தனை வருஷக் குடித்தனத்தில் இலோனாவுக்கு அவரை இவ்வளவு பிடித்ததில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் அவளும் அந்தப் பக்கம் அவரும் நின்று, ஒரே பொறாமையை இரண்டு பேருமாகப் பங்குபோட்டுக்கொண்டார்கள். பாரம் பாதியாகக் குறைந்தமாதிரி இருந்தது. போய்ச் சொல்லிவிடு என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"மதியம் மரிகா வீட்ல சாப்பாடு," என்றாள்.

"தலைவலின்னு சொல்லிடு. அந்தப் பையனோட அம்மா வராங்களாமே. அவங்க எதிர்ல என்னால உக்கார முடியாது." கொஞ்சம் தயங்கிவிட்டு, "வாரம் பூரா அவன் கால் பக்கம் நான் திரும்பிக்கூடப் பாக்கல," என்றார்.

கடைசியாகச் சொன்னதை இலோனா அப்போதே காதில் வாங்கியிருக்க வேண்டும். நாளைய தோல்வியைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவளுக்கு அது ஏறவில்லை.

மரிகாவின் வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம். வாங்கியபோதே இலோனாவுக்கு அதில் ஒரு குறைச்சல் இருந்தது, அதை விடுங்கள். மேஜை நடுவே, அம்மா வைத்துவிட்டுப்போன நீலப்பூப் போட்ட பெரிய பீங்கான் தட்டில், முட்டைக்கோஸ் இலையில் கறியும் அரிசியும் சுருட்டி வேகவைத்தது ஆவிபறந்தது. அந்தத் தட்டு தனக்கு வந்திருக்கவேண்டியது என்பது இலோனாவின் கட்சி. கைப்பக்குவமும் தனக்குத்தான் வந்திருக்கிறது என்று ஒரு ஆறுதல் வைத்திருந்தாள். ஒரு வாய் எடுத்துப் பார்த்தாள். அம்மா செய்தமாதிரியே இருந்தது.

நோலன் மேஜையின் தலைப்பக்கம் உட்காரவில்லை, மனைவி பக்கத்தில் உட்கார்ந்தான். சாயங்காலம் எல்லோரையும் ஹோட்டலுக்கு அழைத்துப்போகிற பஸ்ஸைப் பிடிக்கவேண்டும். உள்ளூர் ஆட்டமானாலும் முந்தின இரவு ஆட்டக்காரர்களும் கோச்சுகளும் ஹோட்டலில்தான் தங்கவேண்டும். அவன் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"வெண்டல் வரலையாக்கா?"

"தலைவலி."

"ஏதாவது சொன்னாரா?"

"எதைப் பத்தி?"

"பொதுவா. டீமைப் பத்தி, பசங்களைப் பத்தி."

"எதுவா இருந்தாலும் இன்னொருத்தர் மூலமாத்தான் வரணும்னு சொல்லிட்டியாமே. நான் அந்த இன்னொருத்தர் இல்ல."

நோலன் காதுவரை சிவந்துபோனான். "அன்னிக்கு எனக்குத் தலைகால் புரியலக்கா. வாசல்ல பதினைஞ்சு பேர் நின்னாங்க. யார்கிட்ட என்ன சொன்னேன்னே தெரியல."

"மறுநாள் தெரிஞ்சிருக்குமே."

மரிகா ரொட்டிக்கூடையை இரண்டு பேருக்கும் நடுவில் நீட்டினாள். "அக்கா, வெண்டல் சாயங்காலம் பஸ்ஸுக்கு முன்னாடி இங்க ஒரு எட்டு வருவாரா?"

"அவரை விட மாட்டீங்களா நீங்க? தலைவலின்னு சொல்றேன்ல."

அந்தச் சங்கடத்தில் பேச்சை எடுத்தவள் ஜூடித், ட்ரெவரின் அம்மா. மாடு மேய்க்கிற ஊரிலிருந்து வந்தவள். கை இரண்டும் காய்த்துப்போயிருந்தன. படபடப்பில் நிறுத்தாமல் பேசுகிற ரகம்.

"எனக்கு இந்த ஆட்டமே பிடிக்காது, தெரியுமா? ஊர்ல சொன்னா அடிப்பாங்க. காலேஜ்ல ஒரு தடவை தலையில மோதி விழுந்தான். ஆஸ்பத்திரில கண்ணு முழிச்சு என்னைப் பாத்தான். 'நர்ஸ், எங்கம்மா வந்துட்டாங்களா'ன்னு கேட்டான்." ஜூடித் சிரித்தாள்; அந்தக் கதையைச் சிரித்துக்கொண்டே சொல்லப் பழகியிருந்தாள். "அரை நாள் நான் அவனுக்கு நர்ஸ்தான். வந்துட்டே இருக்காங்க தம்பின்னு சொல்லித் தண்ணி குடுத்தேன். அப்புறம் சரியாயிட்டான். டாக்டருங்க எல்லாம் சரின்னுட்டாங்க. ஆனா இன்னொரு தடவை அப்படி விழுந்தா..."

நோலன் தண்ணீர் ஊற்றினான்.

ஜூடித் இலோனாவின் பக்கம் திரும்பினாள். "முன்னால நிக்கறவங்களுக்கெல்லாம் உங்க வீட்டுக்காரர்தான் கோச்சாமே? நேத்து ட்ரெவர் சொன்னான். வெண்டல் இருக்கற வரைக்கும் என்மேல ஒருத்தனும் கை வைக்க முடியாதும்மா, நீ பயப்படாம உக்காந்து பாருன்னான். அவரைப் பாத்து நன்றி சொல்லணும்னு வந்தேன். தலைவலிக்கு ஏதாவது போட்டுக்கிட்டாரா?"

இலோனா முள்கரண்டியைக் கீழே வைத்தாள். காலையிலிருந்து இதை ஒரு நாற்காலியின் விஷயமாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். நோலனிடமிருந்து அது பிடுங்கப்படும், மரிகாவின் புதுக் கோட்டு தொங்கிப்போகும், அவ்வளவுதான். நடுவில் ஒரு பையனின் மண்டை இருக்கிறது என்பதை மாலியா சொன்னாள், வெண்டலும் தன் வழியில் சொன்னார். இந்த அம்மாள் காய்த்த கையை மேஜைமேல் வைத்துக்கொண்டு சொல்லும்வரை அவளுக்கு உறைக்கவில்லை. தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக வந்தது.

வெண்டலைக் கூப்பிட்டுச் சொல்லச்சொன்னால் என்ன? மேஜைக்கு அடியில் ஃபோனை எடுத்து இரண்டு தடவை முயன்றாள். எடுக்கவில்லை. அணைத்துப் போட்டுவிட்டுப் படுத்திருப்பார். நோலன் கடிகாரத்தைப் பார்த்தான். இன்னும் கொஞ்ச நேரத்தில் பஸ் எல்லோரையும் அள்ளிக்கொண்டு போய்விடும். அதற்குப் பிறகு அந்தக் குதிகாலை யார் தரையில் பதியவைப்பது?

தட்டுகளை எடுத்துக்கொண்டு மரிகா சமையலறைக்குப் போனாள். இலோனா பின்னாலேயே போய்க் கதவைச் சாத்தினாள்.

"மரிகா, தண்ணியை நிறுத்து. ஒண்ணு சொல்லணும்."

"தட்டு உனக்கு வேணும்னா எடுத்துட்டுப் போயேன் அக்கா. நான் ஒண்ணும்..."

"தட்டு இல்லடி. அந்தப் பையன் எறியறதுக்கு முன்னாடி வலது குதிகாலைத் தூக்கறான். சியோனே அதைப் பாத்திருக்கான். மில்வாக்கிக்குத் தெரிஞ்சுபோச்சு. நோலன்கிட்ட உடனே சொல்லு. அந்தப் பையனை நாளைக்குப் பிச்சுப்போட்டுருவாங்க."

ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். சொன்னதும் உடம்பு லேசானமாதிரி இருந்தது. வாரம் முழுக்க நெஞ்சில் கிடந்த கனம் இறங்கி, ரொம்ப நாளைக்குப் பிறகு தங்கையின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

மரிகாவின் முகத்தில் திடுக்கிடல் ஒன்றும் இல்லை. குழாயை மூடினாள்.

"அது சரியாயிடுச்சு அக்கா. வியாழக்கிழமையே."

"சரியாயிடுச்சா?"

"சியோனேயை மில்வாக்கி எடுத்துக்கிட்டாங்கன்னு தெரிஞ்ச அன்னிக்கு நோலன் சோஃபால தலைகீழாப் படுத்துக்கிட்டான். காலைத் தூக்கிச் சுவத்துல போட்டுக்கிட்டுப் பயிற்சி வீடியோவா பாத்துத் தள்ளினான். பைத்தியம் பிடிச்சுதான்னு கேட்டேன். சென்டர் கண்ணுக்கு மட்டும் தெரியறது என்னன்னு பாக்கறேன்னான். ரெண்டு மணி நேரம் கழிச்சு எழுந்து உக்காந்து, குதிகால்னான். மறுநாளே ட்ரெவரைத் தனியாக் கூட்டிட்டுப் போய்த் திருத்திட்டான். நாளைக்கு அவன் வேணும்னே மாத்தித் தூக்குவான். மில்வாக்கிக்காரங்கதான் ஏமாறுவாங்க."

பையன் பிழைத்தான். அந்த நிம்மதிக்குப் பின்னாலேயே இன்னொன்றும் வந்தது. நாற்காலி சரியான ஆளுக்குத்தான் போயிருக்கிறது. இந்த வாரத்தில் முதல்முறையாக இலோனாவுக்கு அப்படித் தோன்றியது. தோன்றியதும் முன்னைவிட அதிகமாக எரிந்தது.

"வெண்டல் எப்போ சொன்னார் உனக்கு?" என்றாள் மரிகா.

"அவர் சொல்லல. மாலியா சொன்னா, காலையில."

"மாலியா ஏன் சொன்னா?"

"வெண்டல் எப்பவோ சரிபண்ணியிருப்பார்னு நினைச்சு..." இலோனா நிறுத்தினாள். நிறுத்தியது தாமதம்.

மரிகா ஈரக்கையைத் துடைக்காமல் அப்படியே நின்றாள். "அப்போ வெண்டலுக்கு முன்னாடியே தெரியும்."

இலோனா துண்டை எடுத்து நீட்டினாள். மரிகா வாங்கவில்லை.

"நாலு நாளா எங்க வீட்ல இது ஒண்ணுதான் சண்டை அக்கா. வெண்டல் அதைப் பாக்காம விட்டாரா, பாத்துட்டு மறைச்சாரான்னு நோலன் தூங்காம புலம்பறான். பாக்கலைன்னு நான்தான் அடிச்சுச் சொன்னேன். அந்த மனுஷன் கண்ணு தன்னோட முன்வரிசை அஞ்சு பேரைத் தாண்டிப் போகாது, தெரிஞ்சிருந்தா நம்ம வீட்டுக்கு நடந்தே வந்து சொல்லியிருப்பாருன்னு சொன்னேன். இன்னிக்கு அவரைச் சாப்பிடக் கூப்பிடலாம்னு சொன்னதும் நான்தான். ஒருவேளை தெரிஞ்சிருந்தாலும் வந்து வாயைத் திறந்து சொல்லிடட்டும், அதோட முடிஞ்சிடும்னு பாத்தேன்."

டோனட், கோட்டு, தட்டு, அந்தச் சின்னச் சிரிப்பு என்று வாரம் முழுக்க இலோனா சேர்த்துவைத்த குறைகளெல்லாம் ஒரு மூலையில் கிடந்தன. அவளுக்குத் தெரியாமல் அவள் கணவருக்காக இந்த வீட்டில் ஒருத்தி மல்லுக்கு நின்றிருக்கிறாள்.

"மறைச்சிருந்தா என்ன பண்ணுவானாம்?" என்று கேட்டாள் இலோனா.

"திங்கட்கிழமை வெண்டல் அங்க இருக்க மாட்டார். திறமையில்லாதவரை வச்சுக்கலாம், பையன் அடிபடட்டும்னு பாத்துக்கிட்டு நிக்கறவரை வச்சுக்க முடியாதுன்னான். நான் அதுக்கு என்ன பதில் சொல்ல?"

"நான்தான் இப்போ வந்து சொல்லிட்டேனேடி."

"நீ சொன்னே. அவர் சொல்லலயே."

ஹாலில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. "மரிகா, பஸ்ஸுக்கு நேரமாச்சு," என்று நோலன் குரல் கொடுத்தான். பிறகு ஜூடித்திடம் ஏதோ சொல்லிச் சிரித்தான்.

இலோனா தங்கையின் மணிக்கட்டைப் பிடித்தாள். சின்ன வயதில் தெருவைத் தாண்டும்போது பிடித்ததற்குப் பிறகு அப்படிப் பிடித்ததில்லை.

"சொல்லாதடி."

மரிகா கையை விடுவித்துக்கொள்ளவில்லை. அவள் கண் கலங்கியிருந்தது. "உள்ள வந்ததும் முதல்ல அதைத்தான் கேப்பான். வெண்டலுக்குத் தெரியுமா தெரியாதான்னு அக்கா ஏதாவது சொன்னாளான்னு. நான் அவன்கிட்ட இதுவரைக்கும் பொய் சொன்னதில்ல. உனக்காகச் சொல்றேன். என்ன சொல்லணும்னு நீ உன் வாயால சொல்லு, அதை அப்படியே சொல்றேன்."

தெரியாதுன்னு சொல்லு. இரண்டே வார்த்தை. அதைச் சொன்னால் வெண்டலின் வேலை நிற்கும். தங்கை தன் வீட்டில் ஒரு பொய்யோடு குடித்தனம் நடத்துவாள். இத்தனை நாள் மரிகாவிடம் இருந்ததையெல்லாம் கேட்காமலே கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு, இப்போது அவளே கேள் என்று நிற்கும்போது நாக்கு எழவில்லை.

கதவுக்கு அந்தப் பக்கம் நோலனின் காலடி நெருங்கியது. கைப்பிடி திரும்பியது.